சாட்சி அழவில்லை

என் தம்பி உத்தமன் குடித்துவிட்டுச் சாகவில்லை, மாரடைப்பிலும் சாகவில்லை. ஒரு அபார்ட்மெண்ட் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கி விஷவாயுவில் கொன்றார்கள். மாட்டேன் என்றவனை, இறங்காவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று காண்டிராக்டர் மிரட்டினான். அதைக் கேட்டது ஒரே ஆள், அங்கே பெருக்கிக்கொண்டிருந்த உத்தமன் பெண்டாட்டி சரளா. இப்போது அந்தக் காண்டிராக்டர் பாவி, உத்தமன் தானாகத்தான் இறங்கினான் என்று சாதிக்கிறான். ஆக, கேஸ் மொத்தமும் சரளாவின் வாயில்தான் இருந்தது.

அவளோ ஜோகுபாளையத்து வீட்டில் நடைப்பிணமாகக் கிடந்தாள். மழை பெய்து சாக்கடை நாற்றம் வந்தால் போதும், வாந்திதான். பாத்ரூம் கதவைத் திறக்க மாட்டாள். அவள் குழந்தை வீணாவை நான்தான் குளிப்பாட்டினேன். ஒருநாள் அந்தக் குட்டி வாளிக்குள் குனிந்து விளையாடியதைப் பார்த்துவிட்டு, சரளா அதன் முடியைப் பிடித்து இழுத்து அறை அறையென்று அறைந்தாள். மறுநாள் அவளாகவே போய் மனநல டாக்டர் பார்கவியைப் பார்த்தாள்.

நடந்ததை மறக்க மருந்து தருகிறார்களாம் என்று தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த முறை நானும் கூடவே போனேன்.

"மேடம், இவ சாட்சி. மருந்து குடுத்து எல்லாத்தையும் அழிச்சிட்டீங்கன்னா எங்க கதி என்னாவறது?"

"அழிக்கலம்மா. மாத்திரை போட்டுக்கிட்டு, நடந்ததை வாராவாரம் முழுசா சொல்லணும். ஞாபகம் அப்படியே இருக்கும், அதோட வேதனை மட்டும் குறையும். இது எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, அதையும் சொல்லிடறேன்."

"சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சரளா என் பக்கம் திரும்பினாள். "கேஸு எத்தினி வருசம் இழுக்கும்க்கா? அதுவரைக்கும் நான் புள்ளைய அடிச்சிக்கினே இருக்கட்டுமா?"

டாக்டர் நீட்டிய மருந்துச் சீட்டை நானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மருந்து கேட்டது. அடைமழை நாளில் அவளே குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கோர்ட்டில் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். காண்டிராக்டர் என்ன சட்டை போட்டிருந்தான் என்பதுகூடத் தப்பவில்லை. ஆனால் ரேஷன் கடையில் அட்ரஸ் சொல்வதுபோலச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தான். புருஷன் கண்முன்னால் செத்திருக்கிறான், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே, நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறாய், யாரம்மா சொல்லிக் கொடுத்தது என்று கோர்ட்டு பாஷையான கன்னடத்தில் கேட்டான். நீதிபதி அவளை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வக்கீலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்ச விசாரணை சாப்பாட்டுக்கு அப்புறம் என்றார்கள்.

வராந்தாவில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அழுடி பாவி! தொட்டிக்குள்ளேருந்து உன் பேரைச் சொல்லித்தானே கத்தினான்! அவனுக்காவது ரெண்டு சொட்டு விடேன்டி!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். முகம் கோணிக்கொண்டது. ஒன்றும் வரவில்லை.

"எல்லாம் ஞாபகம் இருக்குக்கா. 'சரளா, கையக் குடு'ன்னாரு. நல்லாவே கேக்குது. ஆனா பக்கத்து வூட்டுக்காரரு யாரையோ கூப்புடற மாதிரி இருக்கு."

பிறகு என் கையைப் பிடித்தாள்.

"உள்ள போயி அழுவற மாதிரி நடிக்கட்டுமாக்கா? அவரு செத்த அன்னிக்கு நான் எப்படி அழுதேன்னு நீங்கதான பாத்தீங்க. சொல்லிக் குடுங்க."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நான் அழுதேன். அவள் என் முகத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.