நூறு ராத்தல்

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று பட்டணத்துப் பத்திரிகையில் யாரோ எழுதிவிட்டார்கள். அங்கே சனங்கள் எப்படி வாழ்கிறார்கள், அளந்து சொல்லும் என்று சீமையிலிருந்து துரைக்குக் கேள்வி வந்தது. அளப்பதற்கு அவரிடம் இருந்தது கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்றுதான். ஆட்களை அதில் தொங்கவிட்டு நிறுத்தார். நூறு ராத்தலுக்குக் குறைந்த எவரும் மலையை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவும் போட்டார். எலும்பும் தோலுமாக ஒருத்தர் அடிவாரத்துப் போடிச் சந்தையில் நடந்தால் தோட்டத்து மானம் என்ன ஆவது?

கொழுந்து பறிக்கும் ராமுத்தாய் மலை இறங்கியாக வேண்டும். போடியில் ஆத்தாளிடம் விட்டுவந்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம். இவளோ தொண்ணூறு ராத்தல்.

தின்று ஏற்றிவிடலாம்தான். ஆனால் தராசைப் பிடித்தவர் கணக்கப்பிள்ளை வேதமுத்து. கொழுந்தில் ஈரத்துக்கு, கூடைக்கு என்று கழித்தே பழகிப்போன மனிதர். ஆளைத் தொங்கவிட்டாலும் அவர் வாய் தானாகக் கழித்துவிடும்; கனம் ஏற ஏறக் கழிவும் ஏறும்.

"அய்யா, எங்கிட்ட ஏது கூடை?"

"ஒனக்குக் கழிக்காம விட்டா, நாளைக்குக் கொழுந்துக்கும் கழிக்காதேம்பாளுக. போ தாயி, தின்னுட்டு வா."

தின்றாள். வரிசைக் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு வீடு தங்கள் கஞ்சியில் பாதியை அவளுக்கு ஊற்றினார்கள். ஒருத்தியாவது இறங்கட்டுமே என்று. கார்த்திகையில் அவள் வளையல்களை உடைத்துத்தான் கழற்ற முடிந்தது. மார்கழியில் வாசலுக்குள் பக்கவாட்டில் நுழைந்தாள். அவள் படுத்த பக்கமாக லயமே சாய்ந்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், இன்னும் நிமிரவில்லை. பக்கத்து வீட்டு மாரித்தாயோ இளைத்து இளைத்து, வெயிலில் நின்றால் நிழல் விழாத பதத்துக்கு வந்துவிட்டாள்.

தை பிறந்தது. தராசுக் கொக்கி முனகியது. ஈரம், கூடை எல்லாம் கழித்து நூற்றொன்று. ராமுத்தாய் இறங்கிய கையோடு மூட்டை கட்டப் போனாள். துரை அவளைச் சுற்றிவந்து பார்த்தார், கணக்கப்பிள்ளை காதில் ஏதோ சொன்னார்.

"சீமையிலேருந்து பெரியவங்க வாராங்களாம் தாயி," என்றார் வேதமுத்து, தரையைப் பார்த்தபடி. "நீ போயிட்டா, இங்க சனங்க சுகமா இருக்குன்னு யாரக் காட்டுறது?"

கல்யாணத்தன்று மற்றவர்களை லயத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ராமுத்தாயைப் புதுச்சேலையில் பங்களா முன்னால் நிறுத்தினார்கள். வந்தவர்கள் அவள் புஜத்தை அமுக்கிப் பார்த்தார்கள். எல்லாரும் இப்படித்தானா என்று கேட்டார்கள். எல்லாரும் இப்படித்தான் என்றார் துரை.

போடிப் பக்கம் பார்த்து நின்றாள் அவள். மேகம் மறைத்திருந்தது. கீழே தாலி ஏறும் நேரம்.

"சிரிக்கச் சொல்றாங்க தாயி," என்றார் வேதமுத்து.

சிரித்தாள்.