இரண்டு முனையிலும் நானே

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கை போனில் அழுதுகொண்டே சொன்னது. “யார்கிட்டயும் சொல்லாதக்கா” என்றும் சொல்லியிருந்தாள். நான் ஒரு வாரப் பத்திரிகையிடம் சொன்னேன். [பத்திரிகை ஒரு ஆள் இல்லையே என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன்.] அவள் என்னோடு பேசி இரண்டு வருடமாகிறது.

2

‘ஒளித்துகள்கள் உறங்காத அந்தக் கூடத்தில்’... வேண்டாம், சகிக்கவில்லை.

செய்திகளைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண் சாவியை இரண்டு இடங்களுக்கு நடுவே ஒளித்துகள்களாக அனுப்புவது அவள் துறை. ஒவ்வொரு துகளுக்கும் அனுப்பும் கருவி இரண்டு முறைகளில் ஒன்றைத் தற்செயலாக எடுக்கும். வாங்கும் கருவியும் தன் போக்கில் ஒன்றை எடுக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் துகள் சாவியில் சேரும். பாதிக்குப் பாதி வீண். அந்த விரயத்தைக் குறைக்கும் வழிமுறையை வடிவமைப்பதுதான் அவள் வேலை. கூட வேலை செய்தவர் விலகிய பிறகு, கருவிகள் இருந்த இரண்டு அறைக்கும் அவளே ஓடினாள்.

ஒரு மத்தியானம் ஒரு துகள்கூட வீணாகவில்லை. தலைகால் புரியாமல் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பிவிட்டாள். பிறகுதான் பார்த்திருக்கிறாள், முறையைத் தேர்ந்தெடுக்க இரண்டு கருவிக்கும் ஒரே தற்செயல் எண் பட்டியலைக் கொடுத்திருந்தாள்.

“ரெண்டு பக்கமும் நானே உக்காந்திருக்கேன்க்கா. ஒத்துப்போகாம என்ன செய்யும்?”

இதை நகைச்சுவைக் கதையாக்கினேன். அவள் அலுவலகமே படித்துச் சிரித்தது.

3

மன்னிப்புக் காட்சி, மூன்றாம் வரைவு. “மன்னிச்சிடுடி” என்கிறேன். “விடுக்கா, எப்பவோ மறந்துட்டேன்” என்கிறாள்.

முதல் வரைவிலும் இதையேதான் சொன்னாள். இரண்டாவதில் அழவைத்தேன், அழுதுவிட்டு இதையே சொன்னாள். என் முகத்தில் கதவைச் சாத்தினாள் என்று எழுதி, அடுத்த வரியிலேயே

[அந்த வரி அடிக்கப்பட்டது. கதவை நானே திறந்துவிட்டேன்.]

வீட்டில் நான் மட்டும்தான். வசனத்தை இரண்டு குரலிலும் உரக்கப் படித்துப் பார்க்கிறேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. மனசு அவளை ரொம்பத் தேடுகிறது.

4

இந்தக் காட்சியில் அவள் பேசியதையெல்லாம் அழித்துவிட்டேன். “மன்னிச்சிடுடி” மட்டும் இருக்கிறது, கீழே அரைப் பக்கம் காலி. ஒரு பிரதியை இன்று காலை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். திட்டலாம், கிழிக்கலாம், பதிலே போடாமலும் இருக்கலாம். இதை அச்சில் கொடுக்கலாமா என்பதையும் அவளே சொல்லட்டும்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவள் சம்மதம் வந்துவிட்டது என்று அர்த்தம். நல்லதோ கெட்டதோ, முடிவை உங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரைப் பக்கத்தில் அவள் என்ன எழுதினாள் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தத் தடவை சொல்ல மாட்டேன்.