நிழலில் இருந்தது

கரோலின் நெகட்டிவின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி மெல்லிய துணியால் துடைத்தாள். பழைய படங்களைப் புதுப்பித்துத் தருவதுதான் அவள் தொழில். ஸ்கேனரும் பிரிண்டரும் உள்ளறையிலேயே இருந்தன. முன்னறையில், ஐஸ் பெட்டிக்குள் அம்மா ஆலிஸ். நான்கு மணிக்குக் காசிமேடு கல்லறைக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தலைமாட்டில் வைக்கப் படம் வேண்டும்.

"உங்கம்மா படத்துல நல்லா வுழுந்தது இது ஒண்ணுதான்," என்றார் அப்பா லாசர். "சுவத்துல மாட்டிகீறது ஒரே இருட்டு. நீ ஷார்ப்பா எடு. பக்கத்துல கீற என்னைக் கட் பண்ணிக்கோ, அவ தோள்ல கீற கைய மட்டும் வுட்ரு. அவள எப்டி வச்சிகினு இருந்தேன்னு நாலு பேரு பாக்கட்டும்."

சுருண்ட ஃபிலிமைக் கண்ணாடிக்கு அடியில் தட்டையாக்கினாள். சுருண்டிருந்தால் நடுப்பகுதி தெளியும், ஓரம் கலங்கும். படத்திலிருப்பவரின் கண்ணை வைத்துக் கூர்மை பார்க்கக் கூடாது. அன்றைக்கு அம்மா இமைத்திருக்கலாம். ஃபிலிமிலேயே பொடிமணல் போல இறைந்திருக்கும் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். அவை தனித்தனியாகத் தெரிந்தால், இருப்பதெல்லாம் வந்துவிட்டது.

அடுத்தது நிழல். படத்தில் கருப்பாக விழும் இடம் நெகட்டிவில் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். ஸ்கேனரை அதன் போக்கில் விட்டால் அந்த இடத்தை ஒரே கருப்பாக்கிவிடும். அவள் தானியங்கியை அணைத்துவிட்டு, கருப்பு தொடங்கும் அளவை மவுஸால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள்.

ஸ்டுடியோக்காரர் இருட்டில் புதைத்திருந்தது மேலே வந்தது. அம்மாவின் தோளில் அப்பாவின் நான்கு விரல்கள், நகம் வெளுக்க அழுத்தியிருந்தன. ரவிக்கைக்குக் கீழே, வெறும் கையில், அதே இடைவெளியில் கன்றிய நான்கு தடங்கள்.

ஒரே இழுப்பில் மறுபடி இருட்டாக்கலாம்.

"இன்னும் முடியலியா?"

"முடிஞ்சிது நைனா. நீ சொன்னாப்லயே வந்துகீது."

முன்னறையில், தலைமாட்டில் வைத்த படத்துக்கு மாலை போடக் குனிந்த பக்கத்து வீட்டு ஜீனத் நிமிரவில்லை.

"ஆலிஸ்க்கா கையில இன்னாம்மே அது?"

"ஃபிலிம்ல இருந்துச்சு."

லாசர் எட்டிப் பார்த்தார். "அவ எப்பவும் எதுலயாச்சும் இடிச்சிக்குவா," என்றார். "ஃபோட்டோ சோக்கா கீது."

ஜீனத் மாலையை நகர்த்தி அந்தக் கையை மூடினாள். கரோலின் மாலையைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

லாசர் ஐஸ் பெட்டியின் மேல் கை ஊன்றி ஜெபித்தார். கையை எடுத்தபோது குளிர்ந்த கண்ணாடியில் நான்கு விரல் ஈரம், அம்மாவின் தோளுக்கு நேர் மேலே. கரோலின் நெகட்டிவைத் துடைத்த துணியால் அதைத் துடைத்தாள்.

அவர் மறுபடியும் அங்கேயே கை வைத்தார்.