வக்கீல் வடிவு, இரண்டாம் பாகம்

அர்ஜுனன் வேங்கிக்காலில் ஒரு சிவில் கோர்ட்டில் பதினான்கு வருடமாகத் தட்டச்சர். கூண்டில் நிற்கிற சாட்சி சொல்வதை நீதிபதி சுருக்கிச் சொல்வார். அர்ஜுனன் அதைத் தட்டுவான். சாயங்காலம் வெளியே வந்ததும், கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மனைவி சினேகாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான். நாள் முழுக்க கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவன் வீட்டிலும் கோர்ட்டைத் தேடிப் போவானா? அவன் தேடிப் போகவில்லை. சினேகாதான் கொண்டு வந்து சேர்த்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் அவள் கடைக்கு வந்து கலர் போஸ்டர் பிரிண்ட் எடுத்தாள். படத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட சின்ன வயதுப் பெண் ஒருத்தி எருமை மாட்டைப் பிடித்துக்கொண்டு கோர்ட் வாசலில் நின்றாள். சினிமாவா என்று சினேகா கேட்டாள். இல்லை, கம்ப்யூட்டர் கேம், நானே செய்தது என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் ஓவியா, அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. சென்னையில் எட்டு வருடம் யார் யாருடைய கேம்களுக்கோ படம் வரைந்துவிட்டு, இனி வரைந்தால் தன் கதைக்குத்தான் வரைவது என்று ஊருக்கு வந்துவிட்டவள். கேமின் பெயர் ‘வக்கீல் வடிவு’. அன்றைக்குச் சாயங்காலமே சினேகா அதை வாங்கி லேப்டாப்பில் ஏற்றிவிட்டாள்.

விளையாடுகிறவர்தான் வடிவு. ஊரைச் சுற்றித் தடயம் சேர்க்க வேண்டும், கோர்ட்டுக்கு வந்து சாட்சிகளைக் கேள்வி கேட்க வேண்டும். சாட்சி சொல்வதும் கையில் இருக்கிற தடயமும் ஒத்துப்போகாத இடத்தில் சரியாக நிறுத்திக் கேட்டால் உண்மை வெளியே வரும். அர்ஜுனன் முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். நீதிபதி சுத்தியலால் மேஜையைத் தட்டினார். காலையில் போட்ட கேசுக்குச் சாயங்காலம் தீர்ப்பு வந்தது. திருட்டுப் போன எருமையைக் கூடத்துக்குள்ளேயே ஓட்டி வந்தார்கள். அது எதிர்த் தரப்பு வக்கீலின் காகிதக் கட்டைத் தின்றது. இரண்டாம் நாள் அர்ஜுனன் திட்டினான். மூன்றாம் நாள் சினேகா குளித்துவிட்டு வருவதற்குள் அவளுக்குத் தெரியாமல் அடுத்த வழக்குக்குப் போய் மாட்டிக்கொண்டான்.

முடித்தார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நாலாவது தடவை முடித்த பிறகு, கேமின் பக்கத்தில் கருத்து எழுதும் இடத்தில், ‘கோர்ட் டைப்பிஸ்ட்’ என்ற பெயரில் அர்ஜுனன் ஒரு பட்டியல் போட்டான். மொத்தம் இருபத்தேழு பிழைகள். நம் கோர்ட்டில் சுத்தியல் கிடையாது என்று தொடங்கி, வக்கீல் நடு விசாரணையில் வெளியே ஓடி வண்டியில் ஏறிப் போய் சாட்சியைக் கூட்டிவர முடியாது என்று முடிந்தது. கடைசியில் ஒரு வரி: ‘நாலு தடவை ஆடியிருக்கிறேன்.’

ஓவியா அதைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் மூன்று பேரும் சந்தித்தார்கள். பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, ஓரமெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். இருபத்தேழையும் அடுத்த பாகத்தில் திருத்திவிடுவதாகச் சொன்னாள். அர்ஜுனனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் வேலையைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. சம்மன் எப்படிப் போகும், பெயரை எத்தனை தரம் கூப்பிடுவார்கள், எந்தக் காகிதத்தில் எங்கே முத்திரை விழும் என்று கேட்கக் கேட்கச் சொன்னான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஓவியா கோர்ட்டில் பின் பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். தட்டச்சு மேஜையிலிருந்து தலை தூக்கும்போதெல்லாம் அவனுக்கு அவள் தெரிந்தாள்.

இரண்டாம் பாகம் இந்த ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. கூடவே ஒரு குறிப்பு: ‘அண்ணா, இன்னும் பத்து நாள்ல வெளியிடறேன். எல்லாருக்கும் முன்னாடி ஆடப் போறது நீங்களும் அக்காவும்தான். தீர்ப்பு சொல்லுங்க. தயவு தாட்சண்யம் வேணாம்.’

அன்று இரண்டு பேரும் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் அர்ஜுனன் குழந்தை மாதிரி இருந்தான். சுத்தியல் இல்லை. டவாலி வாசலில் நின்று சரியாக மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மனுவில் கோர்ட் கட்டண வில்லை ஒட்டுகிற இடம்கூடச் சரியாக இருந்தது. நீதிபதிக்குக் கீழே இடது பக்கம் தட்டச்சு மேஜை. அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன். “பாரு, பாரு, என் சட்டை,” என்று சினேகாவின் தோளைத் தட்டினான்.

வடிவு எழுந்து நின்றாள். எதிர்த் தரப்பு வக்கீல் வரவில்லை. வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த மாதம் நீதிபதி விடுப்பு. அதற்கு அடுத்த மாதம் ஒரு நகல் வரவில்லை. அந்த நகலுக்கு மனுப் போட வேண்டும். சினேகா மனுப் போட்டாள். கொட்டாவி விட்டாள்.

“ஏங்க, ஆபீஸ்ல இருந்து வந்து திரும்ப ஆபீஸுக்கே போற மாதிரி இருக்குதுங்க,” என்றாள்.

போகப் போக நன்றாக இருக்கும் என்றான் அர்ஜுனன். மறுநாள் அவள் பாதியில் எழுந்து துணி மடிக்கப் போனாள். புதன்கிழமை வரவே இல்லை. அவன் தனியாக, பாடப் புத்தகம் படிப்பவன் மாதிரி, வெள்ளிக்கிழமைக்குள் ஆடி முடித்தான். பட்டியலில் இருந்த இருபத்தேழில் ஒன்றுகூடப் பாக்கி இல்லை. ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தரம்கூடச் சிரிக்கவும் இல்லை.

சனிக்கிழமை தீர்ப்பு எழுத உட்கார்ந்தான். எத்தனையோ தீர்ப்புகளைத் தட்டியவன். வழக்கில் எழும் கேள்வி இது, முடிவு இது என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போனான். படித்துப் பார்த்தபோது யாரோ ஊர் பேர் தெரியாதவளைப் பற்றி எழுதியது போல இருந்தது. அழித்தான். ‘அருமை, வாழ்த்துகள்’ என்று எழுதினான். அதையும் அழித்தான். எழுதி அனுப்புவது சரியில்லை, நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள் சினேகா. என்ன சொல்லப் போகிறான் என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். செங்கம் ரோட்டில் தெரிந்த கடையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, மத்தியானமே நடக்கத் தொடங்கிவிட்ட கூட்டத்தோடு அர்ஜுனனும் நடந்தான். மலை வலக்கைப் பக்கம் கூடவே வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து, ஒன்றும் தோன்றாமலே அடி அண்ணாமலை வந்துவிட்டது.

ஓவியாவின் அம்மா பாஞ்சாலை பௌர்ணமி தோறும் வீட்டு வாசலில் மோர்க்கடை போடுவார். அவனைப் பார்த்ததும் கேம் பார்த்தாயா, எப்படி இருக்கிறது, பொண்ணு ஒன்றரை வருடமாக அதே கதியாகக் கிடந்தாள் என்றார். அர்ஜுனன் மோரை வாங்கிக் குடித்துவிட்டு, ஓவியா உள்ளே இருக்கிறாளா என்று மட்டும் கேட்டான்.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே பாதி புரிந்திருக்க வேண்டும்.

“சொல்லுங்கண்ணா.”

“நல்லா இல்லைங்க,” என்றான். அப்படிப் பட்டென்று சொல்வான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

“இன்னா தப்பு?”

“தப்பே இல்லைங்க. ஒண்ணுகூட இல்ல. எல்லாம் சரியா இருக்குது. ஆனா ரெண்டாவது நாளே சினேகா எந்திரிச்சிப் போயிட்டா. நானும் உங்களுக்காகத்தான் முடிச்சேன்.”

ஓவியா மேஜை இழுப்பறையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது.

“இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் இப்ப இப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அர்ஜுனன் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். சுவரெல்லாம் படங்கள். அவன் வேலை பார்க்கிற கூடம், பெஞ்சுகள், சுவரோரம் அடுக்கிய கட்டுகள், டவாலியின் குறுக்குப் பட்டை. ஒவ்வொன்றையும் அவ்வளவு பிரியத்தோடு வரைந்திருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான். எழுந்து வாசலுக்கு வந்தான். கூட்டம் ஜாஸ்தியாகியிருந்தது, பாஞ்சாலை மோர் கலக்க, ஓவியா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அர்ஜுனன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டம்ளர்களைக் கழுவ உட்கார்ந்தான். அவள் காலி டம்ளர்களை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அரை மணி நேரம் இப்படியே போயிற்று. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே அவன் பேசத் தொடங்கினான்.

“தப்பு என்னென்னன்னு எழுதினேன். நாலு தடவை எதுக்கு ஆடினேன்னு எழுதலைங்க. எனக்கே அப்பத் தெரியல.”

“இப்பத் தெரியுதா?”

“ராஜம்மாள்னு ஒரு அம்மா சாட்சி சொன்னாங்களே, நீங்க பின்னாடி உக்காந்திருந்த அன்னைக்கு. கிணத்து வழக்கு.”

ஓவியாவுக்கு நினைவிருந்தது. அந்தம்மாள் கூண்டில் ஏறிப் பத்து நிமிடம் பேசினார். தன் வீட்டுக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்து அந்தக் கிணற்றை வெட்டியது, பாறை வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதது, தண்ணீர் வந்த அன்று ஒரே வாளியில் மாறி மாறிக் குளித்தது, பிறகு ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. எல்லாவற்றையும் நீதிபதி கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அறுபது வழக்கு இருந்தது. பதிவுக்கு அவர் சுருக்கிச் சொன்னது: ‘கிணறு பொதுக்கிணறு என்று சொன்னால் அது சரிதான்.’ அர்ஜுனன் அந்த ஒரு வரியைத் தட்டினான்.

“பதினாலு வருஷமா அந்த ஒரு வரியைத்தான் தட்டறேன்,” என்றான் அர்ஜுனன். “உங்க முதல் கேம்ல வடிவு என்ன பண்ணுவா? சாட்சி எவ்ளோ நேரம் பேசினாலும் நிக்கவெச்சி முழுசாக் கேப்பா. அந்த எருமைக்காரர் பேச ஆரம்பிச்சா அவர் தாத்தன் காலத்துல இருந்து வருவாரு. அதையும் கேப்பா. அங்கதான் உண்மை மாட்டும். அதுக்காகத்தான் ஆடினேன். ரெண்டாவது பாகத்துல நீங்க அந்தம்மாவையே கொண்டுவந்து, ஒரே வரில உக்கார வெச்சிட்டீங்க. அது சரிதான். எனக்குத்தான் தினமும் இருக்குதே அது.”

ஓவியா சொம்பைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் கோபம் இல்லை.

“அன்னைக்கு அந்தம்மா பேசும்போது உங்க கை நின்னுபோச்சு,” என்றாள். “தட்ட எதுவும் இல்ல, ஆனா மெஷின் மேல இருந்து கையை எடுக்காம கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் அந்த மேஜையில ஒரு ஆளை வரைஞ்சேன். வரைஞ்சேனே தவிர அவனை எதுக்கும் பயன்படுத்தல.”

சொல்லும்போதே அவளுக்கு ஒன்று தோன்றிற்று. உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்து வேகமாக எழுதினாள். கோர்ட் முடிந்ததும் வடிவு அந்த டைப்பிஸ்டிடம் போய்ப் பேசினால் எப்படி? பதிவாகாமல் போன பேச்சு அத்தனையும் அவனுக்குத் தெரியும். எந்தச் சாட்சி எதைச் சொல்ல வந்து நிறுத்தினார் என்று அவனிடம் கேட்டுத்தான் வடிவு அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

அர்ஜுனன் பதறிவிட்டான். “அது முடியாதுங்க. கோர்ட் ஊழியர் ஒரு தரப்பு வக்கீல்கிட்ட அப்படியெல்லாம் பேசக் கூடாது. வேலை போயிடும்.”

“தப்புதான்,” என்றாள் ஓவியா தலை தூக்காமல். “இருக்கட்டும்.”

அர்ஜுனன் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். தட்டாமல் விட்ட பேச்சுகள் பல அவன் மனதில் அப்படியே இருக்கின்றன. பெயரும் வழக்கும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் எப்படி நின்றார்கள், எந்த இடத்தில் குரல் இறங்கிற்று என்று வேண்டுமானால் சொல்லலாம். ஓவியா நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்பினான். வந்த வழியே திரும்பினால் அத்தனை கூட்டத்துக்கும் எதிரே நடக்க வேண்டும். அதனால் மீதிப் பாதையையும் நடந்து, காஞ்சி ரோடு வழியாக ஊரைத் தொட்டு, ஆட்டோ பிடித்து வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்தான். சினேகா அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன் என்றான். அழுதாளா என்று கேட்டாள். கொஞ்சம், ஆனால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்றான்.

வெளியீடு தள்ளிப்போனது. காத்திருந்தவர்கள் இணையத்தில் முணுமுணுத்தார்கள். ஓவியா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் சினேகாவின் கடை மூடிய பிறகு மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். எந்த இடத்தில் கொட்டாவி வருகிறது என்று சொல்வது சினேகாவின் வேலை. வாய்தாக்கள் பதினொன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. ஒரு ராஜம்மாளுக்குப் பதில் நாலு பேர் முழுசாகப் பேசினார்கள். நீதிபதிக்குச் சுத்தியல் வேண்டுமா என்று ஓவியா கேட்டபோது அர்ஜுனன் கண்டிப்பாகக் கூடாது என்றான். அந்த ஒன்றில் மட்டும் அவன் பக்கம் தீர்ப்பானது.

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்த அடுத்த வாரம் கேம் வெளிவந்தது. அன்று சாயங்காலம் அர்ஜுனனும் சினேகாவும் புதிதாக ஆடுகிறவர்களைப் போல ஆடினார்கள். மூன்றாவது வழக்கில் டைப்பிஸ்டிடம் எதை முதலில் கேட்பது என்று சண்டை வந்து, சினேகா மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் கேட்டதுதான் சரியான கேள்வியாக இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் அர்ஜுனன் ‘கோர்ட் டைப்பிஸ்ட்’ என்ற பழைய பெயரிலேயே கருத்து எழுதினான். முதல் பாகத்தில் இருந்த சிரிப்பு இதில் கம்மி; ஆனால் ஆடி முடித்த பிறகும் இதில் வருகிற மனிதர்கள் கூடவே இருக்கிறார்கள். இரண்டு தடவை ஆட வேண்டிய கேம். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அவனால் முடியவில்லை. கீழே நாலு பிழைகளை எழுதிவிட்டுத்தான் அனுப்பினான்.

பத்து நிமிடத்தில் ஓவியாவிடமிருந்து பதில் வந்தது. இரண்டாவது பிழை பிழையே இல்லை, பின் பெஞ்சிலிருந்து தன் கண்ணால் பார்த்தது என்றாள். என்றைக்கு, எந்த வழக்கில் என்று கேட்டு எழுதினான் அர்ஜுனன். டவாலி வந்து ஜட்ஜ் ஐயா உட்கார்ந்துவிட்டார் என்று கூப்பிடும்வரை இரண்டு பேரும் விடவில்லை.