ஜன்னலோரக் கட்டில்

மூடிப்போன ராணுவ உறைவிடப் பள்ளியின் மிச்சத் தண்டனைகள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது தவசி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்ப் பார்த்தார். தண்டனைகள் ஓர் இரும்புக் கட்டிலில் வந்திருந்தன. கட்டில் லாரியில் வந்திருந்தது. லாரியின் பின்சக்கரங்கள் தார் ரோட்டில் பாதி புதைந்திருந்தன.

லாரியிலிருந்து உஸ்தாத் இறங்கினார். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கவாத்து பழக்கியவர். அப்போது அவருக்கு ஐம்பது வயது. இப்போது முப்பதுதான் இருக்கும். பென்ஷன் ஒழுங்காக வருகிறவர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்று தவசி கேள்விப்பட்டிருந்தார்.

“தவசி, இது உன் கட்டில்தானே?”

“ஆமாங்க உஸ்தாத். ஜன்னலோரத்துல கிடந்தது.”

“எப்ப ஆரம்பிக்கிறே?”

“எதைங்க?”

“தண்டனையை.”

தவசியின் மனைவி இந்திராணி எட்டிப் பார்த்தாள். “மெத்தை குடுக்கலையா?” என்று கேட்டாள். மெத்தை அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்றார் உஸ்தாத்.

அந்தப் பள்ளியின் வரலாறு அப்படியொன்றும் பெரியதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைகளுக்காகத்தான் அதைக் கட்டினார்கள். குதிரைகளுக்குப் பாடம் ஏறவில்லை. கட்டடத்தை வீணாக்குவானேன் என்று சிப்பாய்களின் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முதல் தளபதி யோசனைக்காரர். பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுத்தால் காய்ச்சலில் படுத்துவிடுகிறார்கள், ஊருக்கு ஓடிவிடுகிறார்கள், போதாக்குறைக்கு வளர்ந்தும்விடுகிறார்கள் என்பதைக் கண்டார். கட்டில்கள் எங்கும் போவதில்லை. எனவே தண்டனையைக் கட்டிலுக்குக் கொடுப்பது என்று விதி செய்தார். அதில் படுக்கிறவன் மணல்மூட்டையைச் சுமந்து மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஓடி முடிக்காமல் விட்டால் கட்டில் கனத்துப்போகும். அடுத்து வந்து படுக்கிறவன் மிச்சத்தை ஓட வேண்டும்.

ராணி செத்த அன்று சிரித்தவன், தளபதியின் நாய்க்கு சல்யூட் அடிக்காதவன், கொடிக்கம்பத்தில் காங்கிரஸ் கொடியை ஏற்றியவன், எல்லாருடைய பாவமும் இரும்பில் இறங்கியது. பாதி பேர் ஓடி முடிக்குமுன் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பியும் வரவில்லை. கட்டில்கள் அவர்களுக்காகக் கனத்தபடி கிடந்தன. புதிதாகச் சேருகிற பையன் பெட்டியை இறக்கி வைத்ததும் முதல் காரியமாகத் தன் கட்டிலின் ஒரு காலைத் தூக்கிப் பார்ப்பான். ஊரில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல அது அங்கே ஒரு பழக்கம்.

கடைசியில் பள்ளியை மூட உத்தரவு வந்தது. கட்டடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். இப்போது அது கல்யாண மண்டபம். அங்கே நடக்கிற கல்யாணங்களில் மாப்பிள்ளை இடது காலைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் மிச்சம் இருக்கிறது.

“மூடுறதுக்கு முன்னாடி எல்லாக் கட்டில் தண்டனையையும் ஒரே கட்டிலுக்கு மாத்தினோம்,” என்றார் உஸ்தாத். “சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சற்குணத்தோட கட்டில் வந்துச்சு. கடைசி ராத்திரி அதுல யார் படுக்கிறானோ அவன் பேருக்கு எல்லாம்னு காலைப் பரேடுலயே சொல்லிட்டோமே.”

“நான் அன்னைக்குப் பரேடுல இல்லைங்களே. பொன்னுக்கு வீங்கி வந்து ஆஸ்பத்திரி ரூம்ல கிடந்தேன்.”

“அதுக்கு விதியில இடமில்லை.”

தவசிக்கு அந்தக் கடைசி இரவு நன்றாக நினைவிருந்தது. வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தவனை அவனுடைய சிநேகிதன் சற்குணம் கையைப் பிடித்து அழைத்துப் போனான். “சீக்கா இருந்தவன்டா நீ. ஜன்னலோரம் படு, காத்து வரும்,” என்றான். மற்ற பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவன் தன் பங்கு முட்டையைக்கூட அவனுக்குக் கொடுத்தான். தவசிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கட்டிலின் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. சிநேகிதன் கொடுத்ததைத் தூக்கிப் பார்ப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டான்.

அடியும் உதையும் தவிர அந்தப் பள்ளியில் தவசிக்குக் கிடைத்த ஒரே நல்லது அந்த ஜன்னல்தான். கல்யாணமான புதிதில் இந்திராணியிடம் அதைத்தான் முதலில் சொன்னார். மகனுக்குச் சற்குணம் என்றே பெயர் வைத்தார். தன் பெயிண்ட் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிச் சொல்லி அவர்களைப் பாதி வெள்ளையடிப்போடு காக்க வைத்திருக்கிறார்.

“சற்குணத்துக்கு விஷயம் தெரிஞ்சிருக்காது,” என்றார் தவசி.

இந்திராணி அவரைப் பாவமாகப் பார்த்தாள். “போய் அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க,” என்றாள்.

சற்குணத்தின் வீடு நாலு தெரு தள்ளித்தான். அன்று ஐந்தாவது தெருவுக்கு நகர்ந்திருந்தது. லாரி பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

கதவைத் திறந்த சற்குணம் இரண்டு கையாலும் ஓர் அம்மிக்கல்லை அணைத்துப் பிடித்திருந்தார். கூடத்தில் பழைய தோழர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆளுக்கொரு கல் மடியில் இருந்தது. கல் கிடைக்காத ஒருவர் உத்தரத்தில் முதுகு முட்ட மிதந்துகொண்டிருந்தார். துண்டைப் பிடித்துக் கீழே இழுத்து அவரையும் வணக்கம் சொல்ல வைத்தார்கள்.

“எங்க கனம் எல்லாம் உன் கட்டிலுக்குப் போயிருச்சுடா,” என்றார் சற்குணம். “தரையில கால் பாவ மாட்டேங்குது. வருஷா வருஷம் உன்னை நினைச்சு விருந்து போடுறோம். அந்தா பாரு.”

சுவரில் தவசியின் படம் இருந்தது. சந்தனமாலை போட்டு, விளக்கும் ஏற்றியிருந்தார்கள்.

“நான் இன்னும் சாகலையேடா.”

“ஒரு மரியாதைக்குத்தான்.”

“விருந்துக்கு என்னைக் கூப்பிடவே இல்லையே.”

“கூப்பிட்டா நல்லா இருக்காதுல்ல.”

எல்லாரும் தலையாட்டினார்கள். தவசி படத்திலிருந்து கண்ணை எடுத்துச் சற்குணத்தைப் பார்த்தார். “அன்னைக்கு உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்.”

“அத்தனை பேர் இருக்கையில என் தலையில ஏன்டா கட்டுனே?”

“வேற எவனா இருந்தாலும் காலைத் தூக்கிப் பார்த்திருப்பான்டா,” என்றார் சற்குணம். புகழ்ந்து சொல்வதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அதைக் கேட்டு உத்தரத்தில் இருந்தவர் கைதட்டினார்.

இத்தனை வருஷம் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. ஆளுக்கு ஒரு ராத்திரி கட்டிலில் படுத்துக் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தவசி கேட்டுப் பார்த்தார். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஒருவர் கதவைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போகும்படி மட்டும் எல்லாரும் ஒரே குரலில் வற்புறுத்தினார்கள்.

அதற்குள் கூடம் நீள ஆரம்பித்திருந்தது. பின்சுவர் விலகி, சமையலறை தாண்டி, வெகுதூரம் போய் நின்றது. தரையில் பள்ளி மைதானத்துச் செம்மண் பரவியது. உஸ்தாத் மணல்மூட்டையோடு உள்ளே வந்தார்.

“ஒரு வழி இருக்கு,” என்றார். “முதல் தண்டனை ஒரு பையனுக்கு எதுக்குக் குடுத்ததுன்னா, சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு நின்னதுக்கு. அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது. இப்ப நீ ஒரு சிநேகிதனைக் காட்டிக்குடு. கட்டில் அவன் பேருக்குப் போயிரும்.”

“சற்குணம்,” என்றார் தவசி. இவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

உஸ்தாத் சற்குணத்தின் பக்கம் திரும்பினார். “வெறும் ஆளைக் காட்டுனா செல்லாது. சிநேகிதனா இருக்கணும். நீ சொல்லு, நீ இவனுக்குச் சிநேகிதனா?”

சற்குணத்தின் ஒரு கை தவசியின் தோளில் இருந்தது. மிதந்துவிடாமல் இருக்கப் பிடித்திருந்தாரோ, பிரியத்தில் வைத்திருந்தாரோ தெரியாது. அதை எடுத்து அம்மிக்கல்லின்மேல் வைத்துக்கொண்டார்.

“பழக்கம் உண்டுங்க உஸ்தாத். ஒரே டார்மெட்டரி.”

“சிநேகிதம்?”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க.”

தவசி மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் மடியிலிருந்த கல்லைப் பார்த்தார்கள். மாலை போட்ட படம் ஒன்றுதான் அவரை நேருக்கு நேர் பார்த்தது.

மூட்டையை முதுகில் ஏற்றினார்கள். தவசியின் கால்பட்ட இடத்தில் தரை விரிசல் விட்டது. ஓடுகிறவனுக்கு யாராவது எண்ணிக்கை கொடுக்க வேண்டும் என்றார் உஸ்தாத். யாரும் கேட்காமலே சற்குணம் முன்வந்தார். மூட்டையின் பட்டை தோளை அறுக்காதபடி அதை இழுத்துச் சரிசெய்தும் விட்டார்.

“வலிக்குதாடா?”

கொன்றாலும் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை என்று முடிவு செய்து தவசி மரமாக நின்றார்.

“லெஃப்ட்,” என்றார் சற்குணம்.

தவசியின் இடது கால் எழுந்தது. சற்குணத்தையாவது என்றைக்காவது ஒருநாள் மன்னித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் காலை மன்னிக்க முடியவில்லை.