மூன்றாவது ரொட்டி

பத்தரை ஆனதும் கலாதேவி லாக்கர் அறையை ஒட்டிய கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சட்டையைத் தூக்கி, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஊசிப் பேனாவை அழுத்திப் பத்துவரை எண்ணினாள். வெளியே யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பேனாவைக் கைக்குட்டையில் சுற்றி லாக்கரில் வைத்துவிட்டு, தலையுறையைச் சரிசெய்துகொண்டு மறுபடி வரிசையில் வந்து நின்றபோது நாலு நிமிடம் ஆகியிருந்தது. நாலு நிமிடம் யார் கண்ணிலும் படாது. ஐந்து ஆனால் கேள்வி வரும்.

மெங்லெம்பு தொழிற்பேட்டையின் கோடியில் இருந்த அந்த ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு மாலை மூன்றிலிருந்து இரவு பதினொன்றுவரை வேலை. அடுப்பிலிருந்து வார்ப்பட்டையில் ஊர்ந்து வரும் பன்களில் நசுங்கியது, கருகியது, வயிறு வெடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி நீலத் தொட்டியில் போட வேண்டும். தேங்காய், சிவப்புப் பயறு, சார்டின், கோழிக்கறி என்று நாலு வகை. எட்டு மணி நேரம் அந்த வாசத்துக்குள்ளேயே நிற்கிறவர்கள் ஒரு விள்ளல்கூட வாயில் போடக் கூடாது. போட்டால் திருட்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றே மூன்று மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அவளுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து ஆறு வருடமாகிறது. மாத்திரையில் அடங்காமல் போன வருடம் ஊசிக்கு வந்துவிட்டது. ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும், போட்ட பிறகு சாப்பாடு தவறவே கூடாது என்று கிளினிக்கில் தாதியாக இருக்கும் மிஸ்ஸி படம் வரைந்து காட்டியிருந்தாள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் ஆறரைக்கு. அதுவும் இருபது நிமிடம்தான். இருபது நிமிடத்துக்குள் அரை மணி நேரம் காத்திருக்க எந்தக் கொம்பனாலும் முடியாது; ஆறு மணிக்கே ஊசி போடலாமென்றால் அந்த நெரிசல் வேளையில் வரிசையைவிட்டு நகர விடமாட்டார்கள். அதனால் கலாதேவி தானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பத்தரைக்கு ஊசி, பதினொன்றுக்கு அட்டை தட்டிவிட்டு வெளியேறல், ஐந்து நிமிட நடையில் பழனியப்பனின் ஒட்டுக்கடை, இரண்டு தோசை. பதினொன்று நாற்பதுக்கு வேன் வரும். ஊரெல்லாம் சுற்றிக் காம்பாரில் அவளைக் கடைசியாக இறக்கிவிடும்போது மணி ஒன்று. எட்டு மாதமாக இந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

இந்த நோய் தொழிற்சாலைக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சூப்பர்வைசர் புஷ்பலதா. வேலைக்கு எடுக்கும்போது விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தவளே அவள்தான்.

"அக்கா, இந்தக் கட்டத்துல டிக் போடாதீங்க. போட்டா நைட்டுக்கு ஆகாதுன்னு எழுதிருவாங்க. டிசம்பர்ல நிரந்தரம் ஆயிருச்சுன்னா அப்புறம் யாரும் கேக்கமாட்டாங்க லா."

நிரந்தரம் என்றால் மருத்துவ அட்டை. அந்த அட்டையில் கணவன் சதாசிவத்துக்கும் வைத்தியம் உண்டு. செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து, இரண்டு வருடமாக நாற்காலியே கதியென்று இருக்கிறவர். டிசம்பருக்கு இன்னும் இரண்டே மாதம். கலாதேவிக்கு அந்த இரண்டு மாதத்தைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

மற்ற நாளில் வரிசையில் பக்கத்தில் நிற்கும் தினேஸ்வரியும் கடைக்குக் கூட வருவாள். இருபத்தாறு வயது, மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவள், வாய் ஓயாது. ஒட்டுக்கடையின் குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"அக்கா, இந்த ஏரியாவுல விடிய விடிய ஒரு அம்பது கடை இருந்தா எப்பிடி இருக்கும்? ஒரு பக்கம் மீ கோரேங், ஒரு பக்கம் சூடா இட்டிலி, அந்தக் கோடியில ரொட்டி சானாய்."

"நாள் பூரா ரொட்டிகூடத்தான மாரடிக்கிற. இன்னும் அலுக்கலையா ஒனக்கு?"

"நம்ம பொறுக்குற ரொட்டி வேற அக்கா. நமக்குன்னு ஒருத்தன் தட்டுல கொண்டாந்து வைக்கிறது வேற லா."

"எனக்கு அம்பது வேணாம். இந்த ஒண்ணு எரிஞ்சா போதும்" என்று கலாதேவி விளக்கைக் காட்டுவாள்.

எதிரே புது அடுக்குமாடி எழும்பியதிலிருந்து அந்த ஒன்றுக்கும் ஆட்டம் கண்டிருந்தது. புகை, மோட்டார் சத்தம் என்று மேலே குடிவந்தவர்கள் புகார்மேல் புகார். "பத்து மணிக்கு அடைக்கச் சொல்றாங்க, பேசிக்கிட்டிருக்கேன்" என்று பழனியப்பன் போன வாரம்தான் சொன்னார். பேசிச் சரிக்கட்டிவிடுவார் என்று எல்லாரும் நம்பினார்கள். பேச்சில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

வியாழனும் வெள்ளியும் கலாதேவிக்கு விடுமுறை. சனிக்கிழமை, புரட்டாசி மூன்றாம் சனி. காலையில் பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வந்தாள். தினேஸ்வரி அன்றைக்கு விடுப்பு. பதினொன்றுக்கு அட்டையைத் தட்டிவிட்டுத் தனியாக நடந்தவளுக்கு, முக்குத் திரும்புவதற்கு முன்பே ஏதோ குறைவதாகப் பட்டது. வெளிச்சத்தைக் காணோம்.

கடையின் இரும்புக் கதவு இறக்கியிருந்தது. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தது. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தாள். வெள்ளிக்கிழமை முதல் இரவு பத்து மணியுடன் கடை அடைக்கப்படும், வாடிக்கையாளர்கள் மன்னிக்கவும். அடுக்குமாடியில் ஒவ்வொரு மாடியாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ வெங்காயம் வதக்கும் வாசம்கூட வந்தது.

பையைத் திறந்து துழாவினாள். இந்த மாதிரி நேரத்துக்கென்றே நாலு மிட்டாய் எப்போதும் வைத்திருப்பாள். காலையில் கோவில் வரிசையில் வீரிட்டு அழுத பிள்ளைக்குக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்று போதுமென்றிருந்தும் நாலையும் கொடுத்த தன் தாராளத்தை நொந்துகொண்டாள். பெட்ரோல் நிலையம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். கழுத்தில் வேர்வை வழிய ஆரம்பித்திருந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. இப்படித்தான் ஒருமுறை வீட்டில் விழுந்தாள். கண் விழித்தபோது சதாசிவம் நாற்காலியிலிருந்து தரையில் ஊர்ந்து வந்து அவள் வாயில் சீனியை அப்பிக்கொண்டிருந்தார். இங்கே விழுந்தால் வேன்காரன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

தொழிற்சாலை வாசலுக்குத் திரும்பி வந்து சேர்ந்ததே பெரும்பாடு. காவல் கூண்டில் இருந்த ஜாகா சன்னாசி எழுந்து ஓடி வந்தார். பீடோர் தோட்டத்தில் அவள் அப்பாவோடு வேலை செய்தவர்.

"என்னம்மா, மூஞ்செல்லாம் வெளுத்துப் போச்சு?"

"அண்ணே, ஊசி போட்டுட்டேன். கடை அடைச்சிருக்கு. சீனி எதாச்சும் இருக்கா?"

சன்னாசி கூண்டுக்குள் ஓடிப் போய்ப் பிளாஸ்கை எடுத்து, அப்படியே நின்றார். "சீனி போடாத கோசோங் டீதான்ம்மா இருக்கு. எனக்கும் அதே சீக்குத்தான. உள்ள போயி கேளு, யாராச்சும் இருப்பாங்க."

"அட்டை தட்டியாச்சு. கதவு தொறக்காது."

சன்னாசி முற்றத்தைப் பார்த்தார். லோரி ஏற்றும் மேடையில் நீலத் தொட்டிகள் வரிசையாக நின்றன. காலையில் மீன்குளத்துக்காரன் வந்து மீனுக்குப் போட அள்ளிக்கொண்டு போவான். அவர் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நான் கக்கூசுக்குப் போறேன். அஞ்சு நிமிசம் ஆவும்."

கலாதேவி சுவரைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனாள். தொட்டியின் மூடியைத் தூக்கியபோது கண் முன்னால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கைக்கு வந்த ரொட்டியைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோனாள். சார்டின். புரட்டாசியில் கவுச்சி தொட்டவளில்லை. அன்றைக்கோ மூன்றாம் சனி. வாய் தானாக மூடிக்கொண்டது. அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். கோழிக்கறி. அதையும் திரும்ப வைத்தாள். மூன்றாவதைப் பிட்டதும் தேங்காய்ப்பூரணம் வெளியே பிதுங்கியது. பெருமாளே என்று அதை இரண்டு வாயில் விழுங்கினாள். தொட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, உலகம் மறுபடி ஒற்றையாகும்வரை காத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவளை வரிசைக்கு விடாமல் நேராக மாடிக்கு வரச் சொன்னார்கள். குளிரூட்டிய அறை. மேலாளர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். மேடையில் இருக்கும் கேமரா எடுத்த படம், சத்தமில்லாமல் ஓடியது. தலைமுடி கலைந்த ஒரு கிழவி தொட்டிக்குள் கை விடுகிறாள். அது தான்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. பக்கத்தில் புஷ்பலதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேலாளர் மலாயில்தான் பேசினார். குரல் உயரவில்லை.

"இனிப்புநீர், ஊசி, பசி மயக்கம் என்று சொல்கிறீர்கள். சரி. ஆனால் இங்கே பாருங்கள்." படத்தை நிறுத்தினார். "ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துத் திரும்ப வைக்கிறீர்கள். இரண்டாவதையும் வைக்கிறீர்கள். மூன்றாவதைத்தான் சாப்பிடுகிறீர்கள். உயிர் போகிற நேரத்தில் யாராவது இப்படித் தேர்ந்தெடுப்பார்களா?"

"அது எங்களுக்கு விரத மாதம், துவான். கோழி, மீன் சாப்பிடமாட்டோம்" என்று கலாதேவி மலாயில் சொன்னாள்.

"என்ன மாதம் என்று நினைவிருக்கிறது. எது கோழி, எது மீன் என்று தெரிகிறது. அப்படியானால் புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது."

ஐம்பத்துநாலு வருடப் பழக்கத்தை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. புஷ்பலதாவைப் பார்த்தாள். புஷ்பலதாவும் அதே மாதம் அதே விரதம் இருக்கிறவள்தான். மதியம் தயிர்ச்சாதப் பாத்திரத்தை மேசையில் வைத்துச் சாப்பிட்டிருப்பாள்.

"இவருக்கு இனிப்புநீர் இருப்பது உனக்குத் தெரியுமா?" என்று மேலாளர் புஷ்பலதாவைக் கேட்டார்.

புஷ்பலதா கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தன் கையால் நிரப்பிய பாரத்தில் வந்து நின்றாள்.

"கோப்பில் அப்படி எதுவும் இல்லை, துவான்."

"லதா" என்றாள் கலாதேவி, தமிழில். "நீதானம்மா..." புஷ்பலதாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. அவள் கண் கோப்பைவிட்டு எழவே இல்லை.

"அட்டை தட்டிய பிறகு மேடைப் பக்கம் உங்களை விட்டது யார்? ஜாகாவா?"

"யாரும் விடவில்லை. நானாகத்தான் போனேன்."

வேலையைவிட்டு விலகும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மேலாளர் பேனாவால் தொட்டுக் காட்டினார். போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிய விஷயம் என்றார். கலாதேவி கையெழுத்துப் போட்டாள். படிக்கட்டு இறங்கும்போது பின்னாலேயே புஷ்பலதா வந்தாள்.

"அக்கா, கோவமா? எனக்கு வேற வழி தெரியல அக்கா."

"ஒனக்குத் தெரியாட்டி எனக்கு மட்டும் தெரியுமா? போ, அஞ்சு நிமிசம் ஆயிரப் போவுது" என்றாள் கலாதேவி. சொன்ன பிறகு நெஞ்சு கொதித்தது. இரண்டு மாதம், வெறும் இரண்டு மாதம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முற்றத்தைக் கடந்தாள்.

வாசலில் சன்னாசி நின்றிருந்தார். மாடியிலிருந்து அவருக்கு ஏற்கனவே தொலைபேசி வந்துவிட்டது. வேலையைவிட்டுப் போகிறவர்களின் பையைச் சோதித்து அனுப்புவது வழக்கம்.

"மேல கேமரா இருக்கும்மா. கோவிச்சுக்காத."

"பாருங்கண்ணே. ஒங்க வேலைய நீங்க செய்யுங்க."

அவர் பையை மேசைமேல் வைத்து ஜிப்பை இழுத்தபோது பின்னால் ஹாரன் கேட்டது. மீன்குளத்துக்காரனின் லோரி. காலையில் வர வேண்டியவன், இப்போதுதான் ஏற்றி முடித்திருந்தான். கழிவு ரொட்டி மூட்டைகள் தலைக்குமேல் எழும்பி நின்றன. வாய் கட்டாத ஒரு மூட்டையிலிருந்து பன்கள் தார்பாய்மேல் உருண்டு கிடந்தன. ஓட்டுநர் கையை ஆட்டினான். சன்னாசி பையை அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். லோரி நிற்கவில்லை; அவனை யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை. தேங்காய்ப்பூரண வாசம் இரண்டு பேர் முகத்திலும் அடித்துவிட்டுப் போயிற்று.

கம்பத்தை இறக்கிவிட்டுச் சன்னாசி மேசைக்குத் திரும்பினார். கைக்குட்டையில் சுற்றிய ஊசிப் பேனாவை எடுத்து வைத்தார். காலிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு கேமராவுக்குத் தெரியும்படி பையைக் கவிழ்த்து உதறினார். ஞாயிற்றுக்கிழமை புதிதாக வாங்கிப் போட்ட நாலு மிட்டாய் மேசையில் விழுந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பையில் போடும்வரை கலாதேவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.