தூளிப் பக்கம்

பேருந்து சிக்னலில் நின்றதும் ஜுரேமா மறுபடி கைபேசியைத் திறந்தாள். திரையில் மீன் தொட்டி. ஐந்து டிஸ்கஸ் மீன்களும் இடது மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரி பூசினாற்போல் கறுத்து நின்றன. படத்தின் வலது ஓரத்தில் அப்பா படுக்கும் பெரிய துணித் தூளி. அதன் விளிம்பைத் தாண்டி ஒரு பாதம் தொங்கியது. வேலையிலிருந்து கிளம்பும்முன் பார்த்தபோதும் அந்தப் பாதம் அதே இடத்தில், அதே சாய்வில்தான் தொங்கியது.

தூங்குகிறார். காலை மாத்திரை போட்டால் தூக்கம் வரத்தானே செய்யும்.

கேமராவில் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள். "அப்பா."

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். தொட்டியில் மீன்கள் திடுக்கிட்டுச் சிதறிக் கண்ணாடியில் மோதி மறுபடி மூலைக்கே போயின. பாதம் அசையவில்லை.

"அப்பா, நான்தான். கையத் தூக்கு. நல்லா இருக்கிற கைய."

மீன்கள் மறுபடி மோதின. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். இன்னொரு தடவை கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டும் அசையவில்லையென்றால் அது தூக்கமில்லை என்றாகிவிடும்.

மனாவுஸ் நகரத்து வெயிலில் பேருந்துக்குள் எல்லோருக்கும் வியர்த்தது. அவளுக்கு மட்டும் விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன.

அத்தை லிந்தால்வாவுக்குப் போன் அடித்தாள். அப்பாவின் அக்கா, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சந்தையில் இருப்பாள். சந்தையில் இருந்தால் கைபேசியைப் பைக்குள் போட்டு அதன்மேல் மரவள்ளி மாவை வைத்திருப்பாள்.

அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளன் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. "கேமராவுல பாத்ததுக்கெல்லாம் லீவு குடுத்தா கடைய இழுத்து மூட வேண்டியதுதான். என்ன, மீனுக்கு உடம்பு சரியில்லையா?" கையுறையைக் கழற்றி அவன் மேசைமேல் போட்டுவிட்டு வந்திருந்தாள். கேமராவை முதல் தடவை பார்த்தபோதே அதைச் செய்திருக்கலாம்.

முதல் தடவை காலையில், ரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டே பார்த்தாள். மீன்கள் கறுத்திருந்தன. தண்ணீர் குளிர்ந்துவிட்டது என்று நினைத்தாள். வேலையிடத்திலிருந்தபடியே கைபேசி வழியாகத் தொட்டியின் சூடேற்றியை ஒரு டிகிரி கூட்டினாள். வேலை முடிந்தது என்று கைபேசியைப் பைக்குள் போட்டாள். படத்தின் வலது பக்கம் அவள் கண் போகவே இல்லை.

அந்தத் தொட்டியே அவளுடைய ஏற்பாடு. வாழ்நாள் முழுக்க நேக்ரோ ஆற்றில் படகில் விளக்கு வைத்து டிஸ்கஸ் பிடித்தவர் அப்பா வால்தெமார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனதும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வீட்டில் முதல் பட்டம் வாங்கிய ஜுரேமாவுக்கு இரண்டு இடத்தில் வேலை. ஒன்றின் சம்பளம் வாடகைக்கு, ஒன்றின் சம்பளம் அவர் மருந்துக்கு. மீனைப் பார்த்துக்கொள்ள நேரமே கிடையாது. அதனால் நேரமே கேட்காத தொட்டியாகக் கட்டினாள். பெரிய தொட்டி, கொஞ்சம் மீன். அழுக்குத் தேங்காதபடி மணல் போடாத வெறுந்தரை, ஒரே ஒரு வேர்க்கட்டை. கொல்லைப் பீப்பாயிலிருந்து மெல்லிய குழாயில் நாளெல்லாம் சொட்டும் புதுத் தண்ணீர். பழைய தண்ணீர் தானாக வழிந்து வாழைக்குப் போகும். வேளைக்கு இரை கொட்டும் டப்பா, தானாக எரிந்து அணையும் விளக்கு, எதிர் அலமாரியில் கேமரா. அதே கேமரா வழியாகத்தான் அப்பாவிடம் மாத்திரை போட்டாயா என்றும் கேட்பாள்.

"எனக்கும் மீனுக்கும் சேத்து ஒரே மெஷினா வாங்கிட்டியா, டாக்டரம்மா?" என்றார் அப்பா. டாக்டர் இல்லை, பரிசோதனைக்காரி என்று எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார். "ஆத்துல அதுக்கு யாரு மெஷின் வச்சா?"

"ஆத்துல உனக்குப் பக்கவாதம் வரல."

"வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். நேரா மீனுக்கே போட்டிருப்பாங்க."

மீன்கள் வந்த அன்று இப்படித்தான் கறுத்து மூலையில் ஒடுங்கின. செத்துவிடுமோ என்று அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். தூளியிலிருந்து அப்பா அதட்டினார். "போர்வையப் போட்டு மூடு. பயந்தத வெறிச்சுப் பாக்காத." மூடினாள். போர்வையை எடுத்தபோது மீன்கள் நீலமும் மஞ்சளுமாக நடுத் தண்ணீரில் நின்றன.

கேமராவில் இரண்டு கட்டங்கள் வரைந்து பெயர் வைத்திருந்தாள். ஒன்று 'மீன்', இன்னொன்று 'தூளி'. எது அசைந்தாலும் கைபேசி அதிரும். மெல்ல மிதக்கும் மீன்களால் தொந்தரவு இல்லை; அப்பாதான் நாளெல்லாம் புரண்டார், சொறிந்தார், ஈ விரட்டினார். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் பை அதிர்ந்தது. ஒரு நாள் எரிச்சலில் 'தூளி'யை அணைத்துவிட்டாள். அதன்பிறகு நிம்மதியாக வேலை பார்த்தாள்.

பேருந்து திரும்பியது. இறங்கி ஓடினாள். வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. சாவி கையில் இருந்தது. உள்ளே இரை டப்பா சுழலும் சத்தம் கேட்டது. அதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

திறந்தாள்.

பாதத்தைத் தொட்டதும் தெரிந்தது. அவள் படிப்பு அதைத் தெரிந்துகொள்ளத்தான் உதவியது. விறைப்பு தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. அப்படியென்றால் காலையிலேயே போயிருக்கிறார். மீன்கள் கறுத்ததும் காலையிலேயே. உயிர் போகும்போது தூளி பலமாகக் குலுங்கியிருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவை பயந்திருக்கின்றன.

மாலைக்குள் வீடு நிறைந்தது. கூடத்து நடுவில் சவப்பெட்டி, சுற்றிலும் மெழுகுவத்தி, சமையலறையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி. வாசலில் ஆண்கள் டோமினோ ஆடினார்கள். "வால்தெமார் இருந்திருந்தா இந்நேரம் கள்ளாட்டம் ஆடி ஜெயிச்சிருப்பான்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்து, உள்ளே எட்டிப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

லிந்தால்வா அத்தை வந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடிமேல் துணி போட்டாள், டிவிமேல் துணி போட்டாள். மண்பானைத் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றினாள். கெண்டியை, வாளியை, குளிர்ப்பெட்டியிலிருந்த பாட்டில்களைக் கவிழ்த்தாள். கடைசியில் தொட்டிமுன் வந்து நின்றாள்.

"இதையும் கொட்டணும்."

"அத்தை, அது மீன் தொட்டி."

"நிக்கிற தண்ணிதானே? செத்த வீட்ல நிக்கிற தண்ணிய வச்சிருக்கக் கூடாது. போற உசிரு அதுல முங்கிட்டுத்தான் போகும். தெரியாதா உனக்கு?"

"அந்தத் தண்ணிய யாரும் குடிக்கப் போறதில்ல."

"மீன் குடிக்குதுல்ல? இங்க பாரு, எப்படிக் கறுத்துப் போச்சுன்னு. அவன் முங்கினதப் பாத்திருக்கு." அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மொத்தத் தண்ணியையும் எடுத்தா அதுங்க சாகும். அப்பாவோட மீனு."

"அப்பாவோடதுன்னா? அப்பாவ மெஷினு பாத்துக்கிச்சே, அதே மெஷினா?"

அத்தை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஜுரேமாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நீ இரண்டு தெரு தள்ளித்தானே இருந்தாய், என் வாடகையை யார் கட்டினார்கள் என்று. பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியை எடுத்து, 'தூளி' கட்டத்தை மறுபடி இயக்கினாள். எதற்கென்று அவளுக்கே புரியவில்லை.

மறுநாள் பெட்டி கிளம்பியபோது அத்தை, முழங்கால் வலிக்கிறது என்று வீட்டிலேயே நின்றுகொண்டாள். பெட்டி போன வீட்டை யாராவது பெருக்க வேண்டும் என்றாள். அவள் கையில் வாளி இருந்ததை ஜுரேமா வண்டியிலிருந்து பார்த்தாள்.

கல்லறையில் சிவப்பு மண் குவிந்திருந்தது. பாதிரியார் முடித்தார். கயிற்றில் பெட்டி இறங்கத் தொடங்கியபோது பை அதிர்ந்தது.

எடுத்தாள்.

தூளி: அசைவு.

பெட்டி கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. மூடியில் ஆணி அடித்ததை அவளே பார்த்திருந்தாள். தொடும்போது விரல் வழுக்கியது. படம் திறக்க நேரம் எடுத்தது.

அத்தை நின்றாள். காலடியில் வாளி. தூளிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்து நின்றாள். மூலையில் ஐந்தும் கறுப்பாக. இரை டப்பா கொட்டியதெல்லாம் வெறுந்தரையில் அப்படியே கிடந்தது.

ஜுரேமா பேசும் பொத்தானில் விரலை வைத்தாள். வேண்டாம் அத்தை. சொல்ல வாயைத் திறந்தாள். தன் குரல் அந்த அறையில் கேட்டால் மீன்கள் மறுபடி கண்ணாடியில் மோதும். விரல் அழுத்தவில்லை.

அத்தை குனிந்தாள். வாளியை எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு திரும்பித் தூளிக்குள் கிடந்த அப்பாவின் போர்வையை இழுத்து, உதறி, இரண்டு கையாலும் தொட்டியின் மேலே போட்டாள். ஒரு பக்கம் சரிந்ததை இழுத்துவிட்டு நேராக்கினாள். எதையும் திரும்பிப் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படத்தை விட்டு வெளியே போனாள்.

யாரோ ஜுரேமாவின் இடது கையில் ஒரு பிடி மண்ணை வைத்தார்கள். "போடும்மா."

வலது கையிலிருந்த கைபேசியில், படத்தின் ஓரத்தில், வெறும் தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவள் மண்ணைப் போடவில்லை.